மீன் தின்று வளர்ந்த பிள்ளைக்கு ஏன் மாலைக்கண்?

அன்புள்ள சகோதரிக்கு,

புன்னைக்காயலிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. பதிலைப் பத்திரிகையிலேயே எழுதலாமா என்று கேட்டேன். பெயர் மட்டும் வேண்டாம் என்று சொல்லிச் சம்மதித்தீர்கள். அப்படியே செய்கிறேன். உங்கள் வீட்டில் நடப்பதுதான் மணப்பாட்டிலும் மதுரையிலும் இன்னும் எத்தனையோ வீடுகளில் நடக்கிறது. அவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம்.

மற்ற வாசகர்களுக்காக விஷயத்தைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் தம்பிக்கு வயது பத்தொன்பது. பகலில் கண்ணில் ஒரு குறையும் தெரியவில்லை. செல்போனில் பொடி எழுத்தைப் படிக்கிறான், கிழிந்த வலையை உட்கார்ந்து பொத்துகிறான். பொழுது சாய்ந்தால்தான் சிக்கல். அப்பாவோடு இரவுத் தொழிலுக்குப் போனால், வள்ளத்துக்குள் கிடக்கும் நங்கூரக் கயிறு தடுக்கி விழுகிறான். மற்றவர்கள் நட்சத்திர வெளிச்சத்திலேயே முகத்துவாரத்து மணல்திட்டைக் கண்டுகொள்கிறார்கள். அவனுக்கு எல்லாம் ஒரே கறுப்பு. ‘வேலைக்குச் சோம்பி நடிக்கிறான்’ என்று கூட வருகிறவர்கள் பேசுகிறார்கள். ஒரு மருத்துவ முகாமில் வைட்டமின் ஏ கொடுத்தார்கள். பாட்டி பொன்னாங்கண்ணியும் முருங்கைக்கீரையும் மாற்றி மாற்றிச் சமைத்துப் போட்டார். அம்மா புனித லூசியம்மாளுக்கு நேர்ந்துகொண்டார். மூன்று மாதமாகியும் அப்படியேதான் இருக்கிறது. கடிதத்தின் கடைசியில் நீங்கள் கேட்டிருந்தது இது: சத்துக் குறைவால்தான் மாலைக்கண் வரும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, தினம் மீன் தின்கிற வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அது எப்படி வரும்?

இதைவிடச் சரியான கேள்வியை ஒரு மருத்துவரும் கேட்டிருக்க முடியாது. பதில் சொல்ல, ஒளி கண்ணுக்குள் போன பிறகு என்ன ஆகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். கொஞ்சம் நீளும். தம்பியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள், அவன் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

கண்ணின் பின்சுவரில் விழித்திரை இருக்கிறது. அதில் ஒளியைப் பிடிக்கும் செல்கள் இரண்டு வகை. கூம்பு செல்கள் சுமார் 60 லட்சம். பகல் வெளிச்சத்துக்கும் நிறத்துக்கும் பொடி எழுத்துக்கும் அவை. குச்சி செல்கள் சுமார் 12 கோடி. மங்கலுக்கும் இருட்டுக்கும் அவைதான். உங்கள் தம்பி பகலில் நன்றாகப் படிக்கிறான் என்றால் கூம்புகள் நலமாக இருக்கின்றன என்று அர்த்தம். கோளாறு குச்சிகளின் பக்கம்.

ஒரு குச்சி செல்லுக்குள் ஏறத்தாழ ஆயிரம் மெல்லிய தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். அந்தத் தட்டுகளின் சவ்வில் பதிந்திருக்கும் புரதம் ரோடாப்சின். ஒரே செல்லில் சுமார் 10 கோடி ரோடாப்சின் மூலக்கூறுகள். ரோடாப்சினில் இரண்டு பாகங்கள் உண்டு. ஆப்சின் என்ற புரதம் 348 அமினோ அமிலங்கள் கோத்த சரம். அது சவ்வை ஏழு முறை குறுக்கே கடந்து நிற்கும். அந்த ஏழு சுருள்களுக்கு நடுவே, சரத்தின் 296-ஆம் இடத்தில் ஒட்டிக்கொண்டிருப்பது ரெட்டினால். அது வைட்டமின் ஏ-யிலிருந்து வருவது. இருட்டில் ரெட்டினால் வளைந்திருக்கும். ஓர் ஒளித்துகள் வந்து அதில் சிக்கினால் நிமிர்ந்துவிடும். நிமிர எடுக்கும் நேரம் 200 ஃபெம்டோ வினாடி. ஒரு வினாடியை ஐந்து லட்சம் கோடியாகப் பங்கிட்டால் வரும் ஒரு பங்கு. பார்வையில் ஒளி நேரடியாகச் செய்யும் வேலை இந்த ஒன்றே. மிச்சமெல்லாம் புரதங்கள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் சேதி.

கண்ணுக்குள் வைட்டமின் ஏ இருப்பதை 1933-இல் கண்டவர் ஜார்ஜ் வால்ட் என்ற அமெரிக்கர். அப்போது அவர் பெர்லினில் ஓட்டோ வார்பர்க்கின் ஆய்வகத்தில் இருந்தார். 1967-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. வால்ட் மீன்களின் கண்களை நிறைய ஆராய்ந்தவர். அதனால் உங்கள் ஊர் முகத்துவாரத்தை நினைக்காமல் இந்த இடத்தைக் கடக்க எனக்கு மனம் வரவில்லை. தாமிரபரணி கடலில் சேரும் அந்த இடம்போல ஆறும் கடலும் கூடும் இடங்கள் வழியாகத்தான் விலாங்குகள் முட்டையிடக் கடலுக்கு இறங்குகின்றன. ஐரோப்பிய விலாங்கின் கண்ணை அளந்து பார்த்திருக்கிறார்கள். கடலுக்கு இறங்கும் பருவம் வந்ததும் அதன் கண்ணில் வைட்டமின் ஏ-யின் வகை மாறுகிறது. அதோடு ஆப்சினும் மாறுகிறது. ஆற்று ஆப்சினுக்கான மரபணு அடங்கி, ஆழ்கடல் ஆப்சினுக்கான மரபணு வேலை தொடங்குகிறது. அந்தக் கண் மிக நன்றாகப் பிடிக்கும் ஒளி 501 நானோமீட்டரிலிருந்து 482-க்கு, அதாவது நீலத்தை நோக்கி நகர்கிறது. ஆழத்துக்கு எட்டுவது நீல ஒளிதானே. பார்வைக்கு வைட்டமின் எவ்வளவு முக்கியமோ, அதை ஏந்தியிருக்கும் புரதமும் அவ்வளவு முக்கியம். உங்கள் கேள்விக்கான பதில் இங்கேதான் இருக்கிறது.

இனி அந்தச் சேதி போகும் வழி. இருட்டில் குச்சி செல்லுக்குள் சைக்ளிக் ஜிஎம்பி என்ற சின்ன மூலக்கூறு நிறைந்திருக்கும். செல்லின் சவ்வில் உள்ள அயனி வாய்க்கால்களை அது திறந்து வைத்திருக்கும். சோடியமும் கால்சியமும் அந்த வழியாக உள்ளே வந்துகொண்டே இருக்கும். செல்லின் அடிமுனை குளுட்டமேட் என்ற ரசாயனத்தை அடுத்த செல்லுக்கு விட்டுக்கொண்டே இருக்கும். இருட்டில் கண் ஓய்வெடுக்கிறது என்று நினைப்போம். உண்மையில் குச்சி செல் அதிக ஆற்றலைச் செலவழிப்பது இருட்டில்தான்.

ஒளி பட்டு ரெட்டினால் நிமிர்ந்ததும் ரோடாப்சினின் உடலே சற்று விரிகிறது. விரிந்த ரோடாப்சின் பக்கத்தில் மிதக்கும் டிரான்ஸ்டியூசின் என்ற புரதத்தைத் தொட்டு எழுப்பும். ஒன்றை எழுப்பிவிட்டு அடுத்ததற்குப் போகும். எழுந்த டிரான்ஸ்டியூசின் ஒவ்வொன்றும் பாஸ்போடைஎஸ்டரேஸ் என்ற நொதியை முடுக்கிவிடும். அந்த நொதி சைக்ளிக் ஜிஎம்பியை வெட்டித் தள்ளும். அது குறைந்ததும் வாய்க்கால்கள் மூடும், மின்னோட்டம் தாழும், குளுட்டமேட் வருவது குறையும். அந்தக் குறைவைத்தான் அடுத்த செல்கள் ‘வெளிச்சம்’ என்று படித்து மூளைக்கு அனுப்புகின்றன.

கரைவலை இழுப்பதைப் பார்த்து வளர்ந்தவர் நீங்கள். ஒருவர் குரல் கொடுக்க, இருபது பேர் கயிற்றில் கை வைக்க, அத்தனை பெரிய வலை கரையேறும். ரோடாப்சின் கொடுக்கும் குரலும் அப்படித்தான். எலியின் கண்ணில் கணக்கிட்டவர்கள், ஒரே ஒரு ரோடாப்சின் சுமார் இருபது டிரான்ஸ்டியூசினை எழுப்புகிறது என்கிறார்கள். முடுக்கிவிட்ட நொதி ஒவ்வொன்றும் வினாடிக்கு ஆயிரக்கணக்கில் சைக்ளிக் ஜிஎம்பியை வெட்டும். ஓர் ஒளித்துகளுக்கு இவ்வளவு விளைவு.

இது வெறும் கணக்கு இல்லை, கண்ணால் பார்த்த விஷயம். 1979-இல் டெனிஸ் பேய்லர், ட்ரெவர் லாம்ப், கிங்-வாய் யாவ் மூவரும் தேரையின் ஒரே ஒரு குச்சி செல்லை நுண்ணிய கண்ணாடிக் குழாய்க்குள் உறிஞ்சி வைத்து, மிக மங்கலான ஒளியைக் காட்டி, செல்லின் மின்னோட்டத்தை அளந்தார்கள். சில தடவை ஒன்றும் நடக்கவில்லை. சில தடவை ஒரே அளவான சின்னத் துடிப்பு வந்தது. சில தடவை அதைப்போல் இரண்டு மடங்கு. ஒரு துகளுக்கு ஒரு துடிப்பு, இரண்டு துகளுக்கு இரட்டிப்பு. இயற்கையில் ஒளி இருக்கும் மிகச் சின்ன அளவையே ஒரு செல் எண்ணிக் காட்டியது. அதற்கு முன்னால் 1942-இல் செலிக் ஹெக்ட்டும் உடன் ஆய்வாளர்களும் மனிதர்களை இருட்டறையில் உட்கார வைத்துச் சோதித்திருந்தார்கள். 5 முதல் 14 ஒளித்துகள்கள் விழித்திரையில் சிக்கினாலே மனிதனுக்கு ஒளி தெரிகிறது என்று அவர்கள் கண்டார்கள். உங்கள் அப்பா நட்சத்திர வெளிச்சத்தில் மணல்திட்டைப் பார்ப்பது இந்த நுட்பத்தால்தான்.

எழுப்பிய புரதங்களை அடக்கவும் வழி வேண்டும், இல்லாவிட்டால் ஒரு தடவை மின்னிய வெளிச்சம் கண்ணைவிட்டுப் போகவே போகாது. ரோடாப்சின் கைனேஸ் என்ற நொதி ரோடாப்சினில் பாஸ்பேட்டை ஒட்டும். அரெஸ்டின் என்ற புரதம் வந்து அதன்மேல் மூடிக்கொள்ளும். டிரான்ஸ்டியூசினும் தானாக அடங்கும். நிமிர்ந்த ரெட்டினால் கழன்று, விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் நிறமி செல்களுக்குப் போய், மறுபடி வளைக்கப்பட்டுத் திரும்பி வரும். இது மெதுவாக நடக்கும் வேலை. பெரிய வெளிச்சத்தைப் பார்த்தபின் குச்சி செல்கள் முழுமையாகத் தேற 30 முதல் 40 நிமிடம் ஆகும். நடுக்கடலில் டார்ச்சையோ செல்போனையோ முகத்துக்கு நேரே அடிக்காதே என்று அப்பா அதட்டுவதாக எழுதியிருந்தீர்கள். அவர் சொல்வது முழுக்கச் சரி. அவசியமென்றால் சிவப்பு விளக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அடர்ந்த சிவப்பைக் குச்சி செல்கள் அநேகமாகப் பிடிப்பதில்லை, தேறிய பார்வை அப்படியே இருக்கும்.

இப்போது மாலைக்கண்ணுக்கு வருகிறேன்.

மேலே சொன்ன வரிசையில் எந்த இடம் பழுதானாலும் இருட்டில் கண் தெரியாது. முதல் இடம் ரெட்டினால். உணவில் வைட்டமின் ஏ இல்லாவிட்டால் ஆப்சின் இருக்கும், நடுவில் வைக்க ரெட்டினால் இருக்காது. இது பள்ளிக்கூடத்துப் பாடத்தில் வந்த மாலைக்கண். தமிழ்நாட்டில் இது தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளின் கண்ணைக் குடித்த நோய். 1937-இல் குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வகத்தின் அய்க்ராய்டும், சென்னை அரசு கண் மருத்துவமனையின் ரைட்டும் சேர்ந்து, இந்தக் குறைவால் கருவிழி கரைந்துபோகும் நிலையில் இருந்த நோயாளிகளுக்குச் செம்பனை எண்ணெய் கொடுத்துப் பார்த்து எழுதினார்கள். இரண்டாம் உலகப் போரில் காட் மீன் எண்ணெய் வரத்து நின்றபோது, மதராஸ் மாகாண அரசு சுறா ஈரலிலிருந்து எண்ணெய் எடுக்கத் தொடங்கியது. உங்களைப் போன்ற கடற்கரைகளில் பிடிபட்ட சுறாதான் உள்நாட்டுப் பிள்ளைகளின் கண்ணுக்கு மருந்தானது.

1970-இல் குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம் அலகு வைட்டமின் ஏ கொடுக்கும் தேசியத் திட்டம் வந்தது. பின்னர் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் லைலா ரஹ்மத்துல்லாவும் குழுவினரும் திருச்சி மாவட்டத்தில் 15,419 குழந்தைகளிடம் ஓராண்டு ஆய்வு நடத்தினார்கள். வாரம் ஒருமுறை சிறிதளவு வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பு பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. 1990-இல் வெளியான ஆய்வு அது. கண்ணுக்கென்று கொடுத்த சத்து உயிரையே காத்தது. ஆகவே முகாமில் உங்கள் தம்பிக்கு வைட்டமின் கொடுத்ததைக் குறை சொல்ல மாட்டேன். பாட்டி கீரை சமைத்ததும் நல்லதுதான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சத்துக் குறைவால் வந்த மாலைக்கண், வைட்டமின் உடம்பில் சேர்ந்த சில நாட்களிலேயே விலகிவிடும். காலியாக இருந்த ஆப்சின்களில் ரெட்டினால் போய் உட்கார அவ்வளவு நேரம்தான் வேண்டும். மூன்று மாதம் கொடுத்தும் ஒரு சிறு மாற்றம்கூட இல்லை என்கிறீர்கள். குடலிலோ ஈரலிலோ கோளாறு இருந்து சத்து உடம்பில் சேராவிட்டால் அப்படி ஆகலாம். அதை ஒரு ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். அது இல்லையென்றால் ரெட்டினால் இருக்கிறது, வரிசையில் வேறேதோ ஒரு புரதம் பழுதாகியிருக்கிறது என்று பொருள். நீங்கள் சந்தேகப்பட்டது சரி. மீன் தின்கிற வீட்டுப் பிள்ளைக்குச் சத்துக் குறைவு வருவது அரிது.

புரதம் பழுதாவது எப்படி? மரபணுவில் ஓர் எழுத்து மாறினால் போதும். இதற்கு வரலாற்றில் ஒரு பெயர் பெற்ற குடும்பம் உண்டு. தெற்கு பிரான்சில் 1637-இல் பிறந்த ஜான் நூகாரே என்ற கசாப்புக்காரருக்கு இருட்டில் கண் தெரியாது. அந்தக் காலத்தில் உங்கள் கரையில் போர்த்துகீசியர் இருந்தார்கள். டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடிக்க இன்னும் இருபத்தோரு ஆண்டுகள் இருந்தன. நூகாரேயின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அந்தக் குறை தொடர்ந்தது. 1907-இல் நெட்டில்ஷிப் என்ற ஆங்கிலேய மருத்துவர் அந்த வம்சத்தில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் பட்டியலிட்டார். காரணம் தெரிய 1996 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தாடியஸ் ட்ரைஜாவின் குழு கண்டுபிடித்தது இது: டிரான்ஸ்டியூசின் புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருந்தது. அவர்களுக்கு ரோடாப்சினில் குறையில்லை, வைட்டமினில் குறையில்லை. குரல் கொடுத்தும் எழாத ஒரு புரதத்தால் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு வம்சம் இருட்டில் தடுமாறியது. நல்ல செய்தி என்னவென்றால், அவர்களுடைய குறை வயது ஏற ஏறக் கூடுவதில்லை. பிறந்தபோது எப்படியோ கடைசிவரை அப்படியே. பகல் பார்வைக்கும் ஆபத்தில்லை.

அதே ட்ரைஜா குழு 1990-இல் கண்டது வேறு வகை. அங்கே பழுது ரோடாப்சினிலேயே இருந்தது. 23-ஆம் இடத்தில் புரோலின் இருக்க வேண்டிய இடத்தில் ஹிஸ்டிடின். அந்தப் புரதம் சரியாக மடிவதில்லை. குச்சி செல்கள் மெல்ல மெல்லச் சாகின்றன. முதலில் இரவுப் பார்வை போகும், பிறகு பக்கவாட்டுப் பார்வை சுருங்கும், நடுப்பார்வை பல ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும். இதற்கு ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா என்று பெயர். இதை உண்டாக்கும் மரபணுக்கள் 80-க்கு மேல் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன; பாஸ்போடைஎஸ்டரேஸ், அயனி வாய்க்கால், ரெட்டினாலை மறுபடி வளைக்கும் ஆர்பிஇ65 நொதி எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. மூன்றாவதாக ஜப்பானில் ஒகுச்சி என்பவர் 1907-இல் விவரித்த ஒரு வகை. அதில் அரெஸ்டினோ கைனேஸோ பழுது; பல மணி நேரம் இருட்டில் இருந்தால் பார்வை தேறிவிடும். விடியற்காலையில் தம்பிக்கு இருட்டுப் பார்வை கொஞ்சம் பரவாயில்லையா என்று கேட்டுப் பாருங்கள். மருத்துவருக்கு அந்தத் தகவல் உதவும்.

அம்மா அப்பா இருவரும் மாமன் மகள், அத்தை மகன் என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். கடிதத்தில் நான் நின்று படித்த வரி அதுதான். இத்தகைய பழுது பலவற்றில், மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று மட்டும் கெட்டிருந்தால் ஒன்றும் ஆகாது. இன்னொரு பிரதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஒரே தாத்தா பாட்டியிடமிருந்து வந்த அதே பழுதை அம்மாவும் சுமந்து அப்பாவும் சுமந்தால், பிள்ளைக்கு இரண்டு பிரதியும் கெட்டதாக வரலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 28 பெண்கள் சொந்தத்தில் மணம் முடித்தவர்கள், நாட்டிலேயே அதிகம். சென்னையிலும் அதை ஒட்டிய கிராமங்களிலும் 40 வயதைக் கடந்தவர்களிடம் சங்கர நேத்ராலயா நடத்திய ஆய்வு 2008-இல் வெளியானது. ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா நகரத்தில் 930 பேருக்கு ஒருவர், கிராமத்தில் 372 பேருக்கு ஒருவர். உலகக் கணக்கு சுமார் 4,000 பேருக்கு ஒருவர். இதை அம்மாவைக் குற்றம் சொல்ல எழுதவில்லை, அவர் அப்படி எடுத்துக்கொள்ளவும் விடாதீர்கள். யாரும் தெரிந்து செய்ததில்லை. அடுத்த தலைமுறைக் கல்யாணப் பேச்சு எழும்போது இந்தத் தகவல் கையில் இருக்க வேண்டும், அதற்காகத்தான் சொல்கிறேன். உங்களுக்கும் அது பொருந்தும்.

கடிதத்தைப் படித்து நோயைச் சொல்வது முறையில்லை. சோதனை செய்துதான் தெரிய வேண்டும். என்ன சோதனை என்பதை மட்டும் சொல்கிறேன். திருநெல்வேலி அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அவனை அழைத்துப் போங்கள். சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரியச் செய்து விழித்திரையைப் பார்ப்பார்கள்; குச்சி செல்கள் சாகத் தொடங்கியிருந்தால் ஓரங்களில் கறுப்பு நிறமி சிதறியிருப்பது தெரியும். பார்வையின் பரப்பை அளப்பார்கள். முக்கியமானது ஈஆர்ஜி என்ற சோதனை. இருபது நிமிடம் இருட்டில் உட்கார வைத்து, இமைக்கு உள்ளே மெல்லிய இழை போன்ற ஒரு மின்முனையை வைப்பார்கள். மரத்துப்போகும் சொட்டு விடுவதால் வலி இருக்காது, உறுத்தல் கொஞ்சம் இருக்கும். பிறகு மங்கலான ஒளியை மின்னச் செய்து, விழித்திரை எழுப்பும் மின்துடிப்பைக் கோடாக வரைவார்கள். நான் மேலே விவரித்த சேதிப் போக்குவரத்து முழுவதும் அந்தக் கோட்டில் வந்து நிற்கும். அந்தக் கோட்டைப் பிரித்துப் படிக்கக் கற்றுக்கொடுத்த ராக்னர் கிரானிட், 1967-இல் வால்ட்டோடு சேர்ந்து நோபல் பெற்றவர். குச்சிகளின் பதில் இல்லை, கூம்புகளின் பதில் இருக்கிறது என்று கோடு காட்டிவிட்டால், ‘நடிக்கிறான்’ என்று இனி யாரும் சொல்ல முடியாது. எனக்கு அதுவே பெரிய காரியம்.

அடுத்தது மரபணுச் சோதனை. எந்தப் புரதம் என்று பெயர் தெரிந்தால்தான், இது நிற்கும் வகையா வளரும் வகையா என்று உறுதியாகச் சொல்ல முடியும். பத்தொன்பது வயதுப் பையன் எந்தத் தொழிலைப் பிடிப்பது என்று தீர்மானிக்கிற நேரத்தில் இந்தப் பதில் மிக அவசியம்.

சிகிச்சை உண்டா என்று கேட்பீர்கள். ரெட்டினைடிஸ் பிக்மென்டோசாவில் பெரும்பாலான வகைகளுக்கு இன்று குணப்படுத்தும் மருந்து இல்லை. ஆர்பிஇ65 மரபணுப் பழுதுக்கு மட்டும், நல்ல மரபணுவை விழித்திரைக்குள் செலுத்தும் லக்ஸ்டர்னா என்ற சிகிச்சைக்கு 2017 டிசம்பரில் அமெரிக்கா அனுமதி தந்தது. இரு கண்களுக்கும் எட்டரை லட்சம் டாலர் என்று விலை வைத்தார்கள். 2021-இல் இன்னொரு செய்தி வந்தது. இந்த நோயால் பல பத்தாண்டுகளாகப் பார்வையிழந்திருந்த 58 வயதுக்காரர் ஒருவரின் விழித்திரையில், பாசியிலிருந்து எடுத்த ஒளிப் புரதத்தின் மரபணுவைச் செலுத்தினார்கள். தனிக் கண்ணாடி ஒன்றை அணிந்துகொண்டு, மேசைமேல் இருந்த பொருளை அவர் தேடித் தொட்டார். இவையெல்லாம் ஏதோ ஒரு நாளில் முளைத்தவை இல்லை. ரோடாப்சினின் சுருள்கள் ஒளி பட்டதும் எப்படி நகர்கின்றன என்பதை ஒவ்வோர் அமினோ அமிலமாக மாற்றிப் பார்த்துக் கண்டவர்களில் ஒருவர், பஞ்சாபின் ராய்ப்பூர் கிராமத்தில் பிறந்த ஹர் கோவிந்த் கொரானா. 1968-இல் வேறொரு துறையில் நோபல் பெற்ற பிறகும், பல பத்தாண்டுகளை ஒளி பிடிக்கும் புரதங்களுக்கே கொடுத்தவர் அவர். ரோடாப்சினின் கதை கண்ணோடும் நிற்கவில்லை. 1986-இல் லெஃப்கோவிட்ஸ் என்ற ஆய்வாளரின் குழு அட்ரினலினைப் பிடிக்கும் புரதத்தின் மரபணுவைப் படித்தபோது, அது ரோடாப்சினின் சாயலில் இருந்ததைக் கண்டு வியந்தது. உங்கள் பாட்டி ரத்தக்கொதிப்புக்கு அட்டெனலால் விழுங்குபவராக இருந்தால், அந்த மாத்திரை போய் உட்காருவது பேரனின் கண்ணில் இருக்கும் புரதத்தின் உறவுக்காரப் புரதத்தில்தான்.

சோதனை முடியும்வரை சிலவற்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மீனும் கீரையும் தாராளமாகச் சாப்பிடட்டும். வைட்டமின் ஏ மாத்திரையையும் மீனெண்ணெய் மாத்திரையையும் மருத்துவர் சொல்லாமல் தொடர வேண்டாம். அளவு மீறினால் ஈரல் கெடும். சிலவகை மரபணுப் பழுதுகளில் கூடுதல் வைட்டமின் ஏ விழித்திரைக்கே தீங்கு செய்யும். வீட்டில் கர்ப்பிணி யாராவது இருந்தால் அவர் அதைத் தொடவே கூடாது, கருவுக்கு ஆபத்து. தம்பி இரவில் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கூடாது. இரவுத் தொழிலுக்கும் இப்போதைக்குப் போக வேண்டாம். வள்ளத்திலிருந்து தவறிக் கடலில் விழுந்தால், வள்ளம் எங்கே என்று தேட அவனுக்குக் கண் தெரியாது. பகலில் நண்டு வலைக்குப் போகலாம், இன்ஜின் வேலை பழகலாம். பார்வைப் பரப்பு 40 பாகைக்குக் கீழே இறங்கியிருந்தால் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி அது குறைபார்வை. 10 பாகைக்குக் கீழே என்றால் பார்வையின்மை. நடுப்பார்வை நன்றாக இருந்தாலும் சான்றிதழ் பெற அவனுக்கு உரிமை உண்டு. பலருக்கு இது தெரியாததால் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

லூசியம்மாளுக்கு அம்மா வைத்த நேர்ச்சையை நிறைவேற்றட்டும். பொருத்தனைக்குப் போகிற அதே வாரத்தில் ஆஸ்பத்திரிக்கும் போய்விடுங்கள். மரபணுச் சோதனைக்குத் தம்பியின் ரத்தத்தோடு பெற்றோர் இருவரின் ரத்தமும் கேட்பார்கள். ஆகவே அம்மா, அப்பா இருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். முகாமில் கொடுத்த சீட்டையும் மாத்திரை அட்டையையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். ஈஆர்ஜி அறிக்கை கைக்கு வந்ததும் அதன் நகலை எனக்கு அனுப்பி வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்